புல்லைப் பற்றி மட்டும்

டெவன்போர்ட், டாஸ்மேனியா
21 மே 1989

அன்புள்ள நெவில்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஐவி அக்கா பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறாள். இடது கையில் கரண்டி பிடிக்கிறாள். நேற்று சூப்பில் பாதியை வாயிலும் மீதியை மேல்சட்டையிலுமாகத் தானே குடித்து முடித்தாள். பேச்சுதான் இன்னும் வரவில்லை. பேசாத ஒருவரை விட்டு வந்து பேசாத இன்னொருவரிடம் மாட்டிக்கொண்டேனே என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் ஐவிக்குப் பேச முடியவில்லை. நீ பேசவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

இரண்டு வாரத்துக்கு என்று வந்த நான் மூன்று மாதமாகியும் திரும்பவில்லை. இனியும் வரப்போவதில்லை என்று ஈஸ்டரின்போதே எழுதிவிட்டேன். அதில் மாற்றம் இல்லை. கோபத்தில் எடுத்த முடிவும் இல்லை. நீ ரயில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவரை வாரத்தில் பாதி நாள் தனியாக இருந்தேன், அதற்குப் பழகியிருந்தேன். ஓய்வு பெற்று வீட்டோடு வந்துவிட்டாய். இந்த இரண்டு வருடத்தில் உப்பு எடு, வானொலியைக் குறை, இன்று குளிர் என்பதைத் தவிர நீ என்னிடம் என்ன சொன்னாய்? எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது தனியாக இருப்பதற்கு என்னால் பழக முடியவில்லை.

வீட்டை அக்டோபரில் விற்பனைக்கு விட்டால் நல்லது என்று தரகர் டேரில் எழுதியிருக்கிறார். முன்பக்கப் புல்தரைதான் அந்த வீட்டின் முகம், அதைக் கெடவிடக் கூடாது என்கிறார். அங்கே இருப்பது நீ. ஆகவே அது உன் வேலை.

எல்ம் மரத்து இலைகளை வாரிவிடு. ஈர இலை புல்லின் மேல் ஒரு வாரம் கிடந்தால் கீழே அழுகிவிடும். கடைசியாக ஒருமுறை கத்தியை உயர்த்தி வைத்து வெட்டு. வெட்டும் மெஷின் கொட்டகையில் இருக்கிறது, சிவப்பு நிறம், நாலு சக்கரம். பார்த்தால் தெரிந்துகொள்வாய். பிறகு பெட்ரோலை வடித்துவிட்டு மூடி வை. எரு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மற்றதெல்லாம் பேசி முடிந்துவிட்டது. இனி எழுதுவதானால் புல்லைப் பற்றி மட்டும் எழுது.

வெர்னா


பெண்டிகோ
4 ஜூன் 1989

அன்புள்ள வெர்னா,

கடிதம் கிடைத்தது. இலையை வாரிவிட்டேன். வெட்டிவிட்டேன். மெஷினை மூடி வைத்துவிட்டேன்.

புல் செத்துவிட்டது. வாசலிலிருந்து தெரு வரை ஒரே வைக்கோல் நிறம். நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. நீ சொன்னதைத்தான் செய்தேன். அது போதாதென்று நடுவில் கறுப்புக் கறுப்பாகக் கால் தடம் வேறு, வாசற்படியிலிருந்து வேலிவரை போய்த் திரும்புகிறது. யாரோ எரியும் செருப்போடு நடந்த மாதிரி இருக்கிறது. எதிர்வீட்டு கிளாரி பார்த்துவிட்டு, "என்ன நெவ், சாத்தானா வந்துட்டுப் போனான்?" என்று கேட்டான். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

டேரிலிடம் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

ஐவிக்கு என் அன்பு.

நெவில்


டெவன்போர்ட்
12 ஜூன் 1989

அன்புள்ள நெவில்,

புல் சாகவில்லை. அருகம்புல்லைக் கொல்ல உன்னால் ஆகாது, பெரிய பெரிய ஆட்களாலேயே ஆகவில்லை. அது தூங்குகிறது. முதல் கடும்பனி விழுந்ததும் நிறத்தை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். செப்டம்பர் கடைசியில் எழுந்து வரும். இருபத்தெட்டு குளிர்காலம் அந்த வீட்டில் இருந்திருக்கிறாய், அது ஒவ்வொரு வருடமும் வைக்கோலாகும். ஒருமுறைகூட நீ பார்க்கவில்லையா?

கால் தடம் சாத்தானுடையது இல்லை, உன்னுடையது. பேப்பர் போடும் பையன் அதைச் சுருட்டி வேலி ஓரம் எறிவான். நீ விடிந்ததும் புல்லின் குறுக்கே போய் எடுத்து வருகிறாய். புல்லின் மேல் பனி உறைந்திருக்கும்போது மிதித்தால் இதழ் கண்ணாடி போல நொறுங்கிவிடும். அந்த இடம் கறுத்துப்போய் வசந்தம் வரைக்கும் அப்படியே இருக்கும். வெயில் ஏறிப் பனி உருகும்வரை புல்லில் கால் வைக்கக் கூடாது. சிமெண்ட் நடைபாதை வழியாகப் போனாலும் கடைசியில் பேப்பர் கிடக்கும் இடத்துக்குப் புல்லில்தான் இறங்க வேண்டும். அதனால் காத்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். குளிர்காலம் வந்தால் நீ தினமும் என்ன சொல்வாய்? "பேப்பர் ஏன் இவ்ளோ லேட்டு?" என்பாய். நான், "பையன் லேட்டு" என்பேன். பையன் என்றைக்குமே தாமதமாக வந்ததில்லை. நான்தான் சமையலறை ஜன்னலில் தேநீரோடு நின்றுகொண்டு பனி உருகக் காத்திருப்பேன். ஒரு தடவையாவது நீ எழுந்து வந்து, இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சரி, விடு. புல்லைப் பற்றி மட்டும் என்று சொன்னவளே நான்தான்.

வெர்னா


பெண்டிகோ
25 ஜூன் 1989

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தக் காலத்துப் பேப்பர் பையன் வளர்ந்து இப்போது வங்கியில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் சோம்பேறி என்று மனதுக்குள் திட்டுவேன். போன வியாழன் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பணம் எடுக்க வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போது நானும் ஜன்னலில் நிற்கிறேன். அங்கே நின்றால் எவ்வளவு தெரிகிறது! வெயில் முதலில் கிளாரி வீட்டுக் கூரையில் விழுகிறது, பிறகு நம் எல்ம் மரத்தில், பிறகு வேலியிலிருந்து கோடு போட்ட மாதிரி மெதுவாக இந்தப் பக்கம் வருகிறது. அந்தக் கோடு தாண்டின இடமெல்லாம் நனைந்து மின்னுகிறது, தாண்டாத இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. பேப்பர் மேல் கோடு வந்ததும் நான் போகலாம். எஞ்சினில் கைகாட்டி இறங்கக் காத்திருந்த மாதிரி இருக்கிறது. காலின் ஞாபகத்துக்கு வந்தான். பதினொரு வருடம் எனக்குக் கரி தள்ளினவன். நாங்கள் எவ்வளவு பேசியிருக்கிறோம் தெரியுமா? கைன்டனில் ஆரம்பித்த பேச்சு மெல்பர்ன் போனாலும் முடியாது. இதை உன்னிடம் சொன்னதே இல்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நல்ல செய்தி ஒன்று. புல் விழித்துக்கொண்டது! குழாயடியிலும் மரத்தடியிலும் இளம்பச்சையாக, மெத்தை மாதிரி மெத்தென்று வருகிறது. செப்டம்பர் ஆகும் என்றாய், ஜூனிலேயே வந்துவிட்டது. நீ எரு வேண்டாம் என்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பச்சையைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் ஆட்டு எரு தூளாக்கிப் போட்டேன். தினமும் சாயங்காலம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன். கிளாரி கேலி செய்கிறான்.

ஐவிக்கு என் அன்பைச் சொல்.

நெவில்


டெவன்போர்ட்
5 ஜூலை 1989

அன்புள்ள நெவில்,

உன் கடிதத்தை ஐவிக்கு வாசித்துக் காட்டினேன். வங்கிப் பையன் இடம் வந்ததும் அவள் உடம்பு குலுங்கச் சிரித்தாள், சூப் மறுபடி சட்டையில். இன்னொரு தடவை வாசி என்று விரலைச் சுழற்றிக் காட்டினாள். நானும் வாசித்தேன். அவள் தூங்கின பிறகு மூன்றாவது தடவை எனக்காக வாசித்தேன்.

நீ மூச்சு விடாமல் பேசக்கூடிய ஆள் என்று எனக்குத் தெரியாது. காலினிடம் என்ன பேசினாய்? எதைப் பற்றி?

பச்சை வந்திருக்கிறது என்றாயே. சரி. பார்த்துக்கொள்.

இங்கே மழை நிற்கவில்லை. கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் ஐவி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புகிறாள். பிசியோதெரபிக்காரப் பெண் வருகிறாள், கை கால் எல்லாம் நீவிவிடுகிறாள், ஐவி அவளை முறைக்கிறாள். பின்பக்கத்துப் புல்லில் முள் காய்க்கிற செடி, தரையோடு தரையாகக் கேரட் தழை மாதிரி, வந்திருக்கிறதா பார். அதுதான் பிண்டி. இப்போதே மருந்து அடித்தால்தான் உண்டு. விட்டுவிட்டால் கோடையில் வெறுங்காலோடு ஒருவரும் நடக்க முடியாது. வீட்டை வாங்குகிறவர்களுக்குக் குழந்தைகள் இருக்கலாம்.

நிறைய எழுது. புல்லைப் பற்றித்தான்.

வெர்னா


பெண்டிகோ
23 ஜூலை 1989

அன்புள்ள வெர்னா,

பிண்டிக்கு மருந்து அடித்தாயிற்று. குனிந்து குனிந்து முதுகு போயிற்று.

காலினோடு என்ன பேசினேன் என்று கேட்டாய். உட்கார்ந்து யோசித்தேன். அவன் அம்மாவைப் பற்றி, என் அப்பாவைப் பற்றி, சாவைப் பற்றி, உன்னைப் பற்றி. ஆமாம், உன்னைப் பற்றி நிறைய. நீ கோபத்தில் உருளைக்கிழங்கு உரித்தால் தோல் மெல்லிசாக வரும், சந்தோஷத்தில் உரித்தால் தடிப்பாக வரும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் போய்விட்டது பார்.

ஒரு மேக்பை பறவை தினமும் வந்து புல்லைக் குத்திப் புழு எடுக்கிறது. முதலில் விரட்டினேன். பிறகு அது தலையைச் சாய்த்து மண்ணுக்குள் காது வைத்துக் கேட்பதைப் பார்த்தேன், விட்டுவிட்டேன். நம் பச்சை இப்போது குழாயடியைத் தாண்டி, நடைபாதை நெடுக வந்து, வாசல் வரை பரவிவிட்டது. தெருவிலேயே பச்சையாக இருப்பது நம் புல் ஒன்றுதான். மற்ற எல்லா வீடும் வைக்கோல். கிளாரி கேலியை நிறுத்திவிட்டு என்ன எரு என்று கேட்கிறான். சொல்ல மாட்டேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை டேரில் வந்தார். காரை விட்டு இறங்காமலே விசில் அடித்தார். "மிஸ்டர் டிரெம்பத், இது ஜூலையா இல்ல நவம்பரா? அக்டோபர் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? செப்டம்பர்லயே போட்டோ எடுத்து பேப்பர்ல போட்டுருவோம். இந்தப் புல்லைப் பாத்தா ஒரே வாரத்துல வித்துரும்!" என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன்.

என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நான் நன்றாகப் பார்த்துக்கொண்ட அளவுக்கு வீடு சீக்கிரம் போகும். வீடு போனால் புல் போகும், புல் போனால் நீ எனக்கு எழுத ஒரு காரணமும் இருக்காது. என் கையாலேயே எரு போட்டு, என் கையாலேயே உன்னை அனுப்பி வைக்கிறேன்.

கவனிப்பதை நிறுத்திவிடட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

நெவில்


டெவன்போர்ட்
2 ஆகஸ்ட் 1989

அன்புள்ள நெவில்,

நிறுத்தாதே.

ஏன் என்று கேட்காதே, நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். உருளைக்கிழங்குத் தோலை நீ கவனித்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது, அதுவும் கடல் தாண்டி, கடிதத்தில். படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐவி கைத்தடியால் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள்.

உன்னிடம் ஒன்று நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். இந்தக் கடிதங்களை எழுதுகிற ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. அவனோடு ஒரே வீட்டில் இருக்க ஆசையாகக்கூட இருக்கிறது. ஆனால் நான் திரும்பி வந்தால் அங்கே இருக்கப் போவது அவனா? இல்லை, உப்பு எடு என்று சொல்கிற ஆளா? நான் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, அந்தச் சாப்பாட்டு மேசையில் உன் எதிரில் உட்கார்ந்து, நீ மறுபடி வாயை மூடிக்கொண்டால், இரண்டாம் தடவை கிளம்புகிற தெம்பு எனக்கு இல்லை. அங்கேயே கிடந்து வாடிப்போவேன்.

வந்தால் பேசுவாயா?

வெர்னா


பெண்டிகோ
20 ஆகஸ்ட் 1989

அன்புள்ள வெர்னா,

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் புல். மெஷின் கத்தியைச் சாணை பிடிக்க பௌலிங் கிளப்பிலிருந்து லெஸ் வந்தான். அந்தக் கிளப்பின் புல்தரையைப் பராமரித்த உன் அப்பாவிடம் வேலை கற்றவன். வாசலில் நின்றான். குனிந்தான். ஒரு கொத்தைப் பிடுங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான் பார், இருமல் வந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"நெவ், இதுக்கா எரு போட்டே?"

"ஆமா. ஏன்?"

"டேய், இது குளிர்காலப் புல்லுடா! களை! வெர்னாவோட அப்பா இருந்திருந்தா உன்னைத் தெருவுல நிறுத்தி வச்சுச் சுட்டிருப்பாரு. அருகம்புல் தூங்குற நேரம் பாத்து வந்து உக்காந்துக்கும். பாக்க அழகாத்தான் இருக்கும். நவம்பர்ல ரெண்டு நாள் வெயில் அடிச்சா அத்தனையும் செத்துடும். அது அமுக்கி வச்ச இடத்துல அருகும் வராது. மொட்டைத் தலைதான் மிஞ்சும்."

அவன் போன பிறகு உன் ஜூலைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'பச்சை வந்திருக்கிறது என்றாயே. சரி. பார்த்துக்கொள்.' கிளப் புல்தரையில் வளர்ந்தவள் நீ. ஜூனில் வருகிற பச்சை எது என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தே இரண்டு மாதம் என்னைக் களைக்குச் சோறு ஊட்டவிட்டிருக்கிறாய். ஏன் வெர்னா? நான் கோமாளியாவதைப் பார்க்கவா?

டேரிலிடம் உண்மையைச் சொன்னேன். அவர், "சார், நவம்பர்ல சாகட்டுமே, செப்டம்பர்ல வித்துடலாம்ல?" என்றார். "வாங்குறவன் காசு கொடுத்து மொட்டைத் தலையையா வாங்குவான்?" என்றேன். "அது அவன் கவலை சார்" என்றார். அன்றைக்கே வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தேன். குழாயடியிலிருந்து பிடுங்க ஆரம்பித்திருக்கிறேன். பிடுங்கின இடம் வெறும் மண். டேரில் வந்து பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

இனி உன் கேள்வி. வந்தால் பேசுவாயா என்று கேட்டாய். பேசுவேன் என்று நான்கு தடவை எழுதினேன், நான்கையும் கிழித்தேன். தெரியவில்லை என்பதுதான் உண்மை. நீ எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தால், எனக்கு என்னவோ தேர்வு எழுத உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. சொல்ல நினைத்தது எல்லாம் உள்ளேயே அடைத்துக்கொள்கிறது. அன்பு இல்லாமல் இல்லை. இது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

பத்திரங்களில் கையெழுத்துப் போட நீ ஒருமுறை வர வேண்டும் என்று டேரில் சொல்கிறார். வா.

நெவில்


டெவன்போர்ட்
28 ஆகஸ்ட் 1989

அன்புள்ள நெவில்,

தெரியும். 'மெத்தை மாதிரி' என்ற சொல்லைப் பார்த்ததுமே தெரியும். அருகம்புல் ஒருநாளும் மெத்தை மாதிரி இருக்காது.

கோமாளியாக்க இல்லை, நெவில். அந்தப் பச்சையைக் கண்ட பிறகுதான் நீ எழுத ஆரம்பித்தாய். அதற்கு முந்தின கடிதம் தந்தி மாதிரி இருந்தது. அது களை, பிடுங்கிப் போடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் பிடுங்கிப் போட்டேன் என்று ஒரு வரி வந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். நல்ல புல்லைக் கொடுத்து உன் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். என் அப்பா மன்னிக்க மாட்டார். நீ மன்னித்துவிடு.

பொய் சொல்லாமல் தெரியவில்லை என்று எழுதியதற்கு நன்றி. எனக்கு வலித்தது, ஆனாலும் நன்றி. செப்டம்பர் எட்டாம் தேதி கப்பலில் வருகிறேன். மூன்று நாள். பக்கத்து வீட்டுப் பெண் ஐவியைப் பார்த்துக்கொள்வாள். பத்திரத்தைப் பார்க்கலாம், நாமும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். பிறகு முடிவு செய்யலாம்.

வெர்னா


பெண்டிகோ
17 செப்டம்பர் 1989

அன்பு வெர்னா,

கப்பல் தூரத்தில் புள்ளியாகும்வரை துறைமுகத்தில் நின்றேன். திரும்பி வருகிற வழியெல்லாம் காரில் சத்தம் போட்டு உன்னோடு பேசிக்கொண்டு வந்தேன். ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருந்த குழந்தை என்னைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்தது.

மூன்று நாள் கிடைத்தது. மூன்று நாளையும் கெடுத்துவிட்டேன். நீ வருவதற்கு முன் சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நீ ஆட்டுக்கறி வறுத்து வைத்தாய், எதிரில் உட்கார்ந்தாய், நான், "கறி நல்லாருக்கு" என்றேன். மறுநாள் சாயங்காலம் நீ, "ஏதாவது சொல்லு நெவ்" என்றாய். நான் வானொலியைப் பார்த்தேன். உன் முகத்தில் விளக்கு அணைந்ததைப் பார்த்தேன், பார்த்தும் வாய் திறக்கவில்லை. கடைசி நாள் காலையில் என் பக்கத்தில் மண்டியிட்டு நீயும் களை பிடுங்கினாய். அது ஒன்றுதான் மூன்று நாளில் நன்றாக இருந்தது. அப்போதாவது பேசியிருக்கலாம்.

பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீ எடுத்துப் போனதில் இருக்கிறது. நீயும் போட்டு அனுப்பிவிடு. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ இல்லாத இந்த வீடு எனக்கு வேண்டாம், அதனால் விற்பதில் வருத்தமும் இல்லை. நீ இல்லாததில்தான் வருத்தம். இதை அந்த மேசையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அருகு விழித்துக்கொண்டது. நிஜமான அருகுதான், லெஸ்ஸிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன். வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும், பனியில் மிதிக்க வேண்டாம் என்று சொல்லி வைக்கிறேன்.

உன்
நெவில்


டெவன்போர்ட்
26 செப்டம்பர் 1989

அன்பு நெவ்,

அப்போதாவது பேசியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அடப் பாவி மனுஷா, நீ பேசினாய்!

எல்ம் மரத்தடியில் நாம் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டு, ஆளுக்கொரு கத்தியோடு, இருவரும் மண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தோமே, அப்போது நீ ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாய். உனக்கே தெரியவில்லையா? நான் மூச்சு விடப் பயந்துகொண்டு கேட்டேன். நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தால் நிறுத்திவிடுவாயோ என்று தலையைத் தூக்கவே இல்லை. கழுத்து இன்னும் வலிக்கிறது.

கைன்டன் தாண்டி ஒரு ஆள் தண்டவாளத்தில் வந்து நின்றதைச் சொன்னாய். எல்லா பிரேக்கையும் போட்டும் நிற்காது என்று உனக்கு முன்பே தெரிந்திருந்தது என்றாய். கடைசிக் கணத்தில் அவன் தொப்பியைக் கழற்றினான் என்றாய். அது எந்த இரவு என்று எனக்குத் தெரியும், நெவ். நீ வீட்டுக்கு வந்து, கைகழுவி, சாப்பிட உட்கார்ந்து, கறியைத் தொடாமல் எழுந்து போன இரவு. என் சமையல் பிடிக்கவில்லை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். நீ ஓய்வு பெற்ற முதல் வாரம் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் ஷூ போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாய். நடுநடுவே, "இந்த வேர் வரமாட்டேங்குது, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளு" என்றாய். தேநீர் வேண்டுமா என்று நான் கேட்டதும் எழுந்தாய், என் முகத்தைப் பார்த்தாய், வாய் மூடிக்கொண்டது.

கப்பலில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நீயும் காலினும் எஞ்சினில் எப்படி உட்கார்ந்தீர்கள்? பக்கத்தில் பக்கத்தில், இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு. நான்தான் முப்பத்தொரு வருடம் உன்னை மேசைக்கு எதிரில் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, பேசு பேசு என்று கேட்டேன். அது உன் தப்பு மட்டும் இல்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. டேரிலுக்குத் தனியாக எழுதிவிட்டேன், அவர் வருத்தப்படுவார், போகட்டும்.

ஐவியிடம் நேற்றுச் சொன்னேன். வாயைக் கோணிக்கொண்டு, கஷ்டப்பட்டு, நோய் வந்த பிறகு முதல் முழு வாக்கியம் பேசினாள். "போடி, எனக்கும் நிம்மதி." இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். ஆஸ்பத்திரிக்காரர்களும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பார்த்துக்கொள்வார்கள், மாதம் ஒருமுறை நான் வந்து போவேன்.

இன்னொரு விஷயம், லெஸ் உன்னிடம் சொன்னானோ என்னவோ. நீ எரு போட்டு வளர்த்த அந்தக் களை எப்போதோ விதை விட்டுவிட்டது. மண்டியிட்டிருக்கும்போது பார்த்தேன், கை வைத்த இடமெல்லாம் விதை. இப்போது எவ்வளவு பிடுங்கினாலும் அடுத்த குளிர்காலம் வரும், அதற்கடுத்ததும் வரும். நமக்கு முழங்கால் இருக்கிற வரைக்கும் வேலை இருக்கும்.

அக்டோபர் ஆறாம் தேதிக் கப்பலில் வருகிறேன், பெட்டி படுக்கையோடு. துறைமுகத்தில் ஒன்றும் பேச வேண்டாம், காரிலும் வேண்டாம். ஆனால் நெவ், நீ பிடுங்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டாய், எனக்குத் தெரியும். நான் வருவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதே.

உன்
வெர்னா